லேகிய உருண்டையும் தராசும்

கஞ்சாவைப் புகைக்கிறவனைக் கண்டால் முகஞ் சுளிக்கும் நம்மவர்களிற் பலர், அதே சரக்கு நெய்யிலும் சர்க்கரையிலும் கிளறப்பட்டு, லேகியம் என்ற பெயரோடு ஒரு சிமிழுக்குள் வந்துவிட்டால், அதை மருந்தென்று நம்பி வாயிற் போட்டுக்கொள்ளத் தயங்குவதில்லை. பெயர் மாறினால் குணமும் மாறிவிடும் என்று எண்ணுவது நம் ஜனங்களுக்கு வெகுகாலப் பழக்கம். சிவமூலி என்றால் அது பக்தி. லேகியம் என்றால் அது வைத்தியம். இக்காலத்து வாலிபர்கள் அதையே கேக் என்றும் பிஸ்கட் என்றும் அழைத்தால் அது நாகரிகம். இலை ஒன்றுதான்.

கஞ்சா நல்லதா, கெட்டதா என்ற பழைய வழக்கை இங்கே விசாரிக்க நாம் வரவில்லை. அதைப்பற்றிப் பேசாத மேடை இல்லை. நாம் கேட்க விரும்புவது அதைவிடச் சிறிய கேள்வி. ஆனால் அக்கேள்விக்கு விடை கண்டவர் சரித்திரத்தில் மிகச் சிலர். வீட்டு அடுப்பிற் கிளறிய ஓர் உருண்டைக்குள் எவ்வளவு வீரியம் இருக்கிறது என்று, கிளறியவராவது, விற்றவராவது, தின்றவராவது, வரி வாங்கிய சர்க்காராவது அறிந்திருந்தார்களா என்பதே அக்கேள்வி.

நம் பழைய வைத்திய முறைகளில் லேகியத்திற்கு அளவு சொல்லும் வழக்கம் உண்டு. சுண்டைக்காயளவு, நெல்லிக்காயளவு, கொட்டைப்பாக்களவு என்பார்கள். கேட்பதற்கு இனிமையான அளவுகள்தாம். எழுத்தறியாத பாட்டிக்கும் விளங்கக்கூடியவை. சுக்கும் திப்பிலியும் சேர்ந்த உருண்டைக்கு இவ்வளவு போதும். கொஞ்சம் கூடினால் வயிறு காந்தும், அவ்வளவே. ஆனால் கஞ்சா சேர்ந்த உருண்டையில் நெல்லிக்காயளவு என்பது உருண்டையின் பருமனைச் சொல்லுகிறதேயன்றி, அதற்குள் அடங்கிய சக்தியைச் சொல்லவில்லை. அச்செடியிலிருந்து கிடைப்பது ஒரே தரமான சரக்கும் அன்று. இலைக்குப் பாங்கு என்றும், பெண் செடியின் பூங்கதிருக்குக் கஞ்சா என்றும், கதிரிற் கசியும் பிசினுக்குச் சரஸ் என்றும் மூன்று பெயர்கள் வழங்கின. வீரியத்தில் ஒன்றுக்கொன்று பன்மடங்கு ஏற்றம். எந்த மலையில் விளைந்தது, எந்த மாதம் பறித்தது, எத்தனை வருஷம் பானையிற் கிடந்தது என்பவற்றைப் பொறுத்து ஒரே பெயருள்ள சரக்கிலும் பேதம் உண்டு. இவ்வளவு பேதத்தையும் ஒரு நெல்லிக்காய்க்குள் அடக்கிவிட்டார்கள் நம் முன்னோர்.

இச்சரக்கு கடல் கடந்தது நம்மவரோடுதான். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கம்பெனி சர்க்கார் அபினி, சாராயம், கள் முதலியவற்றைப் போலவே பாங்குக்கும் குத்தகை விட்டுப் பணம் பார்த்தது. குத்தகைக்காரனுக்கு வேண்டியது வசூல். உருண்டைக்குள் என்ன இருந்தது என்று அவன் கேட்கவுமில்லை, அவனை எவரும் கேட்கவுமில்லை. தென்னாப்பிரிக்காவின் நாட்டாலிலோ கதை வேறு விதமாய் நடந்தது. 1860 முதல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் தெலுங்கர்களும் இப்பழக்கத்தை உடன் கொண்டு சென்றனர். 1870-ஆம் வருஷத்துக் கூலிச் சட்டம், இந்தியக் கூலிகள் அச்செடியின் எந்தப் பாகத்தையும் வைத்திருப்பதையும் உபயோகிப்பதையும், அவர்களுக்கு அதை விற்பதையும் தடுத்தது. ஓரிடத்தில் குத்தகை, மற்றோரிடத்தில் தடை. இரண்டுக்கும் பொதுவானது ஒன்று: அளந்து பார்த்தவர் எவருமில்லை.

முதன்முதலில் அளந்து பார்க்கத் துணிந்தவர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ரசாயனம் போதித்த ஓஷாக்நெஸி என்ற ஐரிஷ் வைத்தியர். பின்னாளில் இந்தியாவுக்குத் தந்திக் கம்பி போட்டவரும் இவரே. 1839-இல் இவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், கல்கத்தாவில் மாஜூன் என்னும் மிட்டாய் செய்து விற்ற ஒருவனிடம் கேட்டறிந்த செய்முறையை எழுதி வைத்திருக்கிறார். இலையை நெய்யோடும் நீரோடும் அடுப்பில் வைத்து, நீர் சுண்டுமட்டும் கிளறி, துணியில் வடித்தால், சத்து முழுவதும் நெய்யில் இறங்கிவிடும். அந்த நெய்யைப் பாலோடும் சர்க்கரையோடும் சேர்த்து வில்லைகளாக வெட்டுவார்கள். அம்மிட்டாயில் 1 டிராம், அதாவது ஏறக்குறைய 4 கிராம், புதிதாகத் தின்பவனை மயக்கும் என்றும், பழகியவனுக்கு 3 டிராம் வேண்டும் என்றும் அவர் குறித்திருக்கிறார். வீட்டு மிட்டாயின் வீரியத்தை எடையால் மதிப்பிட்ட பழைய கணக்குகளில் இது ஒன்று. நெல்லிக்காயளவைவிட இது ஒரு படி மேல் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அந்தக் கணக்கு அந்தக் கடைக்காரனுடைய மிட்டாய்க்கு மட்டுமே பொருந்தும். அடுத்த தெருக் கடையில் இலை வேறு, நெய் வேறு, கிளறும் கை வேறு. அன்றியும், வாடிக்கைக்காரர் கேட்டால் ஊமத்தை விதையையும் சேர்ப்பதுண்டு என்று அந்த விற்பனையாளனே சொல்லியிருக்கிறான்! ஊமத்தை சேர்ந்த உருண்டையைத் தின்று புத்தி கலங்கியவனைப் பார்த்து, கஞ்சாவால் கெட்டான் என்று ஊரார் சொல்லியிருப்பார்கள். எது எதனால் விளைந்தது என்று பிரித்தறிய வழி ஏது?

ஓஷாக்நெஸி கண்ட மற்றொரு நிகழ்ச்சி இக்காலத்து வாலிபர்கள் அறிந்திருக்க வேண்டியது. வாத நோயாளி ஒருவனுக்குப் பிற்பகல் 2 மணிக்குக் கஞ்சாப் பிசின் 1 கிரெயின், அதாவது 65 மில்லிகிராம், கரைத்துக் கொடுக்கப்பட்டது. 4 மணிக்கு அவன் ஓயாது பேசினான், பாடினான், இன்னும் சோறு கொண்டுவரும்படி உரக்கக் கூவினான். 6 மணிக்குத் தூங்கிப்போனான். 8 மணிக்குப் பார்த்தபோது நினைவற்றுக் கிடந்தான். அவன் கையைத் தூக்கி எந்த நிலையில் வைத்தாலும் அந்நிலையிலேயே நின்றது. பின்னர் தெளிந்து குணமடைந்தான். இதில் நாம் கவனிக்க வேண்டியது மணிக்கணக்கு. 3 மணிக்கு அவனைப் பார்த்த ஒருவர், மருந்து வேலை செய்யவில்லை, இன்னொரு கிரெயின் கொடுக்கலாம் என்று எண்ணியிருக்கக் கூடும். 4 மணிக்குப் பார்த்தவர், வேலை முடிந்துவிட்டது என்று எண்ணியிருக்கக் கூடும். முழு வேகமும் வந்தது 6 மணி நேரங் கழித்து.

இங்கிலாந்தில் இம்மருந்தை நெடுங்காலம் கையாண்ட டாக்டர் ரஸ்ஸல் ரெய்னால்ட்ஸ் 1890-இல் எழுதியதும் இதற்கு இசைந்ததே. மருந்துச் சரக்கு ஒரே மாதிரி வருவதில்லை, மனிதர்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆகையால் மிகச் சிறிய அளவில், துளித்துளியாகத் தொடங்கவேண்டும். 4 அல்லது 6 மணி நேரம் ஆகாமல் மறுமுறை கொடுக்கலாகாது என்பது அவர் கொள்கை. பட்டம் பெற்ற வைத்தியர், பெயர்பெற்ற மருந்துக் கடையின் சரக்கை வைத்துக்கொண்டே இப்படி அஞ்சினார். வீட்டிற் கிளறுகிறவனோ அஞ்சுவதில்லை.

நிற்க. சர்க்கார் கமிஷனின் விஷயத்திற்கு வருவோம். 1893 மார்ச்சு 2-ஆம் தேதி லண்டன் பார்லிமெண்டில் மதுவிலக்குக் கட்சியைச் சேர்ந்த கெயின் என்பவர், வங்காளத்தில் கஞ்சாவால் ஜனங்களுக்கு என்ன விளைகிறதென்று கேள்வி எழுப்பினார். அதன் பயனாக அதே வருஷம் கமிஷன் ஒன்று நியமனமாயிற்று. தலைவர் மாக்வொர்த் யங். அங்கத்தினருள் ரசாயனப் பேராசிரியர் வார்டனும் இந்தியக் கனவான்கள் மூவரும் இருந்தனர். 1,193 சாட்சிகளை விசாரித்து, 3,000 பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையை 1894-இல் முடித்தார்கள். மிதமான உபயோகத்தால் பெருந்தீங்கு இல்லை, மிகுதியால் தீங்கு உண்டு, முழுத்தடை வேண்டுவதில்லை, வரியும் கட்டுப்பாடும் போதும் என்பது அவர்கள் முடிவு. இம்முடிவை இன்று எத்தனையோ பேர் தத்தம் கட்சிக்கு ஏற்ப எடுத்தாளுகிறார்கள். மிதம் என்ற சொல்லை உச்சரிப்பது எளிது. சென்னை மாகாணத்தில் லேகியமாகவும் மாஜூனாகவும் தின்றுவந்த ஜனங்களுக்கு மிதம் எவ்வளவு, மிகுதி எவ்வளவு என்று எந்தத் தராசு சொல்லும்?

அந்த அறிக்கையில் எம் மனத்தைக் கவர்ந்த பகுதி மனநோய் விடுதிகளைப் பற்றியது. 1892-இல் விடுதிகளிற் சேர்ந்தவர்களுள் 222 பேருக்குக் கஞ்சாவே காரணம் என்று ஏடுகள் சொல்லின. கமிஷனர்கள் ஒவ்வொரு கேஸாகப் புரட்டிப் பார்த்தார்கள். கஞ்சா ஒரு காரணமாயிருக்கலாம் என்று சொல்லத்தக்கவை 98 மட்டுமே என்று கண்டார்கள். மற்றவை எப்படி ஏறின? நோயாளியைக் கொண்டுவரும் போலீஸ்காரனிடம் காரணம் கேட்பார்கள். காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது. கஞ்சா என்று எழுதிவிட்டால் எவரும் மறுகேள்வி கேட்பதில்லை. தோட்டத்துக் காரியாலயத்திற் பேரேடு எழுதிப் பிழைக்கும் எமக்கு இது நன்றாய் விளங்குகிறது. காலிக் கட்டத்தைக் கண்டால் பேனா சும்மா இராது.

வங்காளத்துச் சுங்க இலாகாவுக்கு வீரியத்தைப் பற்றி ஓரளவு ஞானம் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ராஜசாஹியைச் சேர்ந்த நவகாவில் விளைந்த கஞ்சாவைச் சப்பட்டை, உருண்டை, தூள் என மூன்றாகப் பிரித்தார்கள். சப்பட்டையில் தண்டு மிகுதி. தூளில் தண்டே இல்லை. ஆகையால் தூளுக்கு வரி அதிகம். அதாவது, ஒரே எடையுள்ள மூன்று மூட்டைகளில் மயக்கும் பொருள் ஒரே அளவாக இல்லை என்று சர்க்கார் ஒப்புக்கொண்டது. ஆனால் பூவில் எத்தனை பங்கு சத்து என்று அதுவும் அறியாது. தண்டைக் கழித்ததோடு அதன் ரசாயனம் முடிந்தது.

தோட்டத்து வாசகர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். ரப்பர் மரத்துக் காலத்தில் ஸ்டோருக்கு முன்னால் பால் நிறுவை நடக்கும். இரண்டு பேர் ஆளுக்கு 20 கிலோ பால் கொண்டுவருவார்கள். தராசு இருவருக்கும் ஒரே எண்ணைக் காட்டும். கிராணி அந்த எண்ணோடு நின்றுவிட மாட்டார்; மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் கருவியைப் பாலில் மிதக்க விட்டு, அது எவ்வளவு தாழ்கிறது என்று பார்ப்பார். ரப்பர் மிகுந்த பால் இலேசானது. தண்ணீர் கலந்தது கனமானது. ஒருவர் பாலில் நூற்றுக்கு 40 பங்கு உலர்ந்த ரப்பர் இருக்கும். மற்றவர் பாலில் 30 பங்குகூடத் தேறாது. மழை, மரத்தின் வயது, வெட்டிய நேரம், வாளியில் ஊற்றிய தண்ணீர் எல்லாம் அந்த எண்ணில் வந்து நிற்கும். அந்தக் கருவி நியாயமாய்ப் படிக்கப்பட்டதா, கிராணியின் கண் கூலியாளுக்கு விரோதமாகச் சாய்ந்ததா என்ற சண்டைகள் வேறு கதை. அவற்றைப் பற்றி நம் இனத்தாரிடம் நாம் பேசாதிருப்பதே நலம்! எடை வேறு, உள்ளிருக்கும் சரக்கு வேறு என்பதைப் பள்ளிக்கூடம் போகாத பால்வெட்டுத் தொழிலாளியும் அறிவான். செம்பனைக்கு மாறிய பிறகும் இதே நியாயந்தான்: குலையின் எடை ஒரு கணக்கு, ஆலையில் இறங்கும் எண்ணெய் வேறொரு கணக்கு.

கள்ளுக்கும் சாராயத்திற்கும் இத்தகைய கருவி வெகுகாலத்துக்கு முன்பே உண்டாகிவிட்டது. சைக்ஸ் என்பவரின் திராவகமானியை 1816-இலேயே இங்கிலாந்தின் சுங்கச் சட்டம் ஏற்றுக்கொண்டது. சாராயத்தின் போதை அதன் நீரில் ஒரே சீராகக் கலந்திருப்பதால் ஒரு கிண்ணத்தை அளந்தால் பீப்பாயை அளந்ததாகும். கள் நம் தோட்டங்களைக் கெடுத்ததுபோல் வேறொன்றும் கெடுத்ததில்லை. எனினும் அது இவ்வளவு வீரியமுள்ளது என்று ஒரு கருவியால் சொல்ல முடிந்தது. லேகியத்தில் மிதக்கவிட ஒரு மெட்ரோலாக் இல்லை. பிசின் நீரிற் கரையாது. நெய்யைப் பிடித்துக்கொண்டு, மாவில் ஓரிடத்தில் திரண்டும் ஓரிடத்தில் இல்லாமலும் நிற்கும். ஒரே தட்டில் வெட்டிய இரண்டு வில்லைகளில் ஒன்றில் ஒன்றுமிராது. மற்றொன்றில் மூன்று பேருக்கானது இருக்கும்.

ஐரோப்பிய வைத்தியர்களும் இக்கஷ்டத்தில் நெடுங்காலம் உழன்றார்கள். 1896-இல் கேம்பிரிட்ஜில் உட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்ட் என்ற மூவர் சரஸிலிருந்து ஒரு சிவந்த எண்ணெயைப் பிரித்தெடுத்து, அதுவே சாரம் என்று எண்ணினர், அது சாரமன்று. அமெரிக்க மருந்து நூல் 1916-இல் ஒரு விசித்திரமான வழியைக் கைக்கொண்டது. சத்தை நாய்க்குக் கொடுத்து, அது நடக்கையில் எவ்வளவு தள்ளாடுகிறது என்று பார்த்து, தேறிய சரக்கோடு ஒப்பிட்டு, வீரியத்தைத் தீர்மானித்தார்கள். நாயின் தள்ளாட்டம் அளவுகோலாயிற்று. சிரிக்கத் தோன்றினாலும், நெல்லிக்காயளவைக் காட்டிலும் அது யோக்கியமான முறைதான். கடைசியில் சீராக அளக்க முடியாத மருந்து வேண்டாமென்று பல வைத்தியர்கள் கைவிட்டார்கள். 1932-இல் பிரிட்டிஷ் மருந்து நூலிலிருந்து அது நீங்கியது.

உண்மையான சாரம் அகப்பட்டது 1964-இல். இஸ்ரேலில் மெக்கூலம், காவோனி என்ற இருவரும் லெபனான் தேசத்துப் பிசினிலிருந்து அதைத் தூயதாகப் பிரித்து, அதன் அமைப்பையும் கண்டார்கள். டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்று அதற்குப் பெயர், சுருக்கமாக டி.எச்.சி. என்பர். பச்சை இலையில் அது பெரும்பாலும் ஓர் அமிலமாக, போதையற்ற உருவில் இருக்கிறதென்பதும், சூடு பட்டால்தான் போதையுள்ளதாக மாறுகிறதென்பதும் அதன்பின் தெளிவாயின. கல்கத்தாக் கடைக்காரன் இலையை நெய்யில் வைத்துக் காய்ச்சிய காரணம் அவனுக்குத் தெரியாமலே சரியான காரணமாயிருந்தது.

சாரம் அகப்பட்டுவிட்டதால் வீட்டு உருண்டையின் கணக்குத் தீர்ந்துவிட்டதா? தீர்ந்துவிட்டதாகவே இன்றைய வாலிபர்கள் நினைக்கிறார்கள். கைப்பேசியில் ஒரு கணக்குப் பொறி இருக்கிறதாம். இலையின் எடையையும் வில்லைகளின் எண்ணிக்கையையும் கொடுத்தால், ஒரு வில்லைக்கு இத்தனை மில்லிகிராம் என்று புள்ளியோடு சொல்லிவிடுமாம். அக்கணக்கைக் காகிதத்திற் போட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு 10 பங்கு சத்துள்ள பூ 1 கிராம் என்று வைத்துக்கொண்டால் அதில் 100 மில்லிகிராம். சூட்டில் அமிலம் மாறும்போது எடை குறைவதால் மிகுந்து நிற்பது 88-க்குள். பத்து வில்லை போட்டால் வில்லைக்கு 9-க்குள். மிகவும் அழகான கணக்கு. ஆனால் அந்த 10 பங்கு என்பதை யார் சொன்னது? ஒளித்து விற்பவன் சொன்னது. அது 4 ஆகவும் இருக்கலாம், 20 ஆகவும் இருக்கலாம். சூடு போதாவிட்டால் பாதி மாறாது. மிஞ்சினால் பாதி அழியும். நெய்யில் எவ்வளவு இறங்கியது, சக்கையோடு எவ்வளவு போயிற்று என்று எவர் அறிவார்? கிளறிய கை ஒருபக்கம் ஓய்ந்திருந்தால் வில்லைக்கு வில்லை பேதம். ஐந்து சந்தேகங்களை ஒன்றோடொன்று பெருக்கி, வந்த விடையைப் புள்ளிக்குப் பின்னும் இரண்டு ஸ்தானம் எழுதுவது கணிதம் ஆகாது. எம் பேரேட்டில் அப்படி ஒரு வரி எழுதினால் கணக்குப் பரிசோதகர் சிவப்பு மையை எடுப்பார்.

இது வாய்க்கு வெளியிலுள்ள கணக்கு. வாய்க்குள் போனபின் வேறொரு கணக்குத் தொடங்குகிறது. புகையாக இழுத்தால் சில நிமிஷங்களில் தலைக்கு ஏறும், இழுப்பவன் நிறுத்திக்கொள்ளலாம். தின்றாலோ, அது குடலிற் கரைந்து, ஈரலுக்குச் சென்று, அங்கே வீரியமுள்ள இன்னொரு பொருளாகவும் மாறி, பிறகே இரத்தத்தில் ஏறும். அரை மணியாகலாம், இரண்டு மணியாகலாம். வெறும் வயிறா, கொழுத்த விருந்துக்குப் பின்னா என்பதும் அதை மாற்றும். ஏறியது இறங்கப் பல மணி நேரம். ஓஷாக்நெஸியின் நோயாளி 6 மணி நேரத்தில் விறைத்ததன் காரணம் இதுவே.

அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில் 2014 ஜனவரி 1 முதல் கடைகளில் இதைச் சட்டப்படி விற்கத் தொடங்கினார்கள். 10 மில்லிகிராம் ஒரு பங்கு என்று விதியும் உண்டு. அதே வருஷம் மார்ச்சு மாதத்தில் 19 வயது வாலிபன் ஒருவன் இத்தகைய பிஸ்கட் ஒன்றை உண்டான். அதில் ஆறு பங்குக்கு மேல் இருந்தது. கடைக்காரர் சொன்னபடி முதலில் ஒரு பங்கை மட்டும் தின்றான். அரை மணியோ ஒரு மணியோ கழிந்தும் ஒன்றும் தெரியாமற் போகவே, மீதி முழுவதையும் தின்றுவிட்டான். சில மணி நேரத்தில் நிலை குலைந்து, நான்காம் மாடியிலிருந்து குதித்து மாண்டான். அது சீட்டு ஒட்டி, கடையில் விற்ற சரக்கு. அளவு சொல்லித்தான் கொடுத்தார்கள். அளவு தெரிந்திருந்தும், காலம் தெரியாமையால் ஒரு பிராணன் போயிற்று.

அந்தச் சீட்டுகளின் யோக்கியதையும் 2015-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியால் தெரிய வந்தது. அந்நாட்டின் மூன்று நகரங்களில் வாங்கிய 75 தின்பண்டங்களைச் சோதித்ததில், சீட்டிற் கண்ட அளவு சரியாயிருந்தவை நூற்றுக்கு 17 மட்டுமே. 60 பங்கில் குறைவு. 23 பங்கில் சொன்னதற்கு மேல். யந்திரமும் ரசாயன சாலையும் உள்ளவர்களின் கதி இதுவானால், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் அரிசிமா அளக்கும் கோப்பையால் அளப்பவர் எம்மாத்திரம்? கானடா தேசத்தார் 2019-இல் இத்தின்பண்டங்களை அனுமதித்தபோது ஒரு பொட்டலம் முழுவதற்குமே 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாதென்று விதித்தார்கள். ஒரே மூச்சில் முழுப் பொட்டலத்தையும் தின்றுவிடுவான் மனிதன் என்பதை அறிந்த விதி அது.

குழந்தைகளின் விஷயம் இன்னும் கொடிது. மிட்டாய் உருவிலிருப்பதைக் குழந்தை மிட்டாயென்றே எண்ணும்; அதனிடம் தவறில்லை. 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் இத்தின்பண்டங்களைத் தின்றதாக அமெரிக்க விஷ விசாரணை நிலையங்களுக்கு 2017-இல் வந்த செய்திகள் 207. 2021-இல் அது 3,054 ஆயிற்று. பெரியவனைத் தூங்கவைக்கும் அளவு இரண்டு வயதுக் குழந்தையின் மூச்சைத் தடுக்கக்கூடும். இதற்கு மாற்று மருந்து கிடையாது; வைத்தியர்கள் அருகிலிருந்து மூச்சைக் காக்கவே முடியும். நம்மவர் வீடுகளில் இப்படி ஒன்று நேர்ந்தால் வெட்கத்தாலும் போலீஸ் பயத்தாலும், சளிக் காய்ச்சல் என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். வைத்தியரும் மூளைக்காய்ச்சலோ என்று தேடிக்கொண்டிருப்பார். கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியாயினும் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியாயினும், குழந்தை எதைத் தின்றது, எத்தனை மணிக்குத் தின்றது என்ற இரண்டையும் உள்ளபடி சொல்லுவதே பெற்றோர் செய்யத்தக்கது.

இனி நம் நாட்டுச் சட்டம். வடக்கே சயாம் தேசத்தில் 2022 ஜூன் 9 முதல் இச்செடிக்குத் தடை நீங்கியது. ஆயினும் நூற்றுக்கு 0.2 பங்குக்கு மேல் டி.எச்.சி. உள்ள சாரத்தை அவர்கள் தடையிலேயே வைத்தார்கள். 2025-இல் பூவுக்கும் வைத்தியர் சீட்டு வேண்டுமென்று திரும்பவும் கட்டினார்கள். இந்தியாவின் 1985-ஆம் வருஷத்துச் சட்டம் பூவையும் பிசினையும் தடுத்து, தனி இலையை விட்டுவிட்டது. காசியில் பாங்குக் கடை நடப்பது அதனால்தான். இந்த இரு தேசத்துச் செய்திகளையும் கேட்டுவிட்டு, ஹாட்யாய் போய்வருகிற வாலிபரும், ஊருக்குப் போய்வருகிற முதியவரும், இலைதானே, லேகியந்தானே, பிஸ்கட்தானே என்று பையில் வைத்துக்கொண்டு வரத் துணிகிறார்கள். அவர்கள் இறங்குகிற மண் வேறு.

மலேசியாவின் 1952-ஆம் வருஷத்து அபாயகர மருந்துச் சட்டம், பிசின் காணப்படுகிற எந்தப் பாகமாயிருந்தாலும் அது கஞ்சாவே என்கிறது. பிசின் எவ்வளவு என்பது பொருட்டன்று. செடிக்கு என்ன பெயர் இட்டாலும் பொருட்டன்று. அவ்விரண்டையும் சட்டமே தன் வாயால் சொல்லியிருக்கிறது. சிவமூலி என்ற பெயரும் லேகியம் என்ற பெயரும் அங்கே செல்லா. பெட்டாலிங் ஜெயாவிலுள்ள ரசாயன இலாகா சரக்கை இன்னதென்று கண்டு எடைபோட்டுச் சொல்லும். அந்த எடையின்மேல் வழக்கு நடக்கும். 50 கிராமும் அதற்கு மேலும் வைத்திருந்தவனுக்கு ஆயுள் அல்லது 5 வருஷத்துக்குக் குறையாத சிறையும், 10-க்குக் குறையாத பிரம்படியும். 200 கிராமும் மேலும் இருந்தால் அவன் வியாபாரி என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். விற்றால்தானே வியாபாரம் என்று கேட்பவர்கள் அச்சட்டத்தின் சொற்பொருளைப் படிக்கட்டும். செய்தல், கொடுத்தல், வாங்குதல், சுமத்தல், அனுப்புதல் அனைத்தும் அங்கே வியாபாரம். சிநேகிதர் நால்வருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதும் அதற்குள் அடங்கும்.

வங்காளத்துச் சுங்க இலாகா 1890-களில் தண்டையாவது கழித்துப் பார்த்தது. நம் சட்டத்தின் எடை, நாள்பட்டுச் சத்திழந்த இலைக்கும் புதிதாய்ப் பிசின் சொட்டும் பூவுக்கும் ஒன்றே. 1975-இல் கடத்தலுக்கு மரண தண்டனை விதிக்கலாமென்று வந்தது. 1983-இல் அது கட்டாயமாயிற்று. 2018-இல் சில கட்டுப்பாடுகளோடு நீதிபதிக்குச் சிறிது இடம் விடப்பட்டது. 2023 ஜூலை 4 முதல் கட்டாயம் முற்றிலும் நீங்கி, மரணமோ, ஆயுட் சிறையும் பிரம்படியுமோ என்று தெரிந்தெடுக்கும் அதிகாரம் நீதிபதியிடம் வந்தது. 200 கிராம் என்ற எண் மட்டும் மாறவில்லை.